சாவி கையில் இருந்தும் நிற்காத வண்டி

அன்பு மகள் ஜெரோப்புக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மாடு இரண்டும் நன்றாகக் கறக்கின்றன, இங்கே இட்டேனில் மழை ஓய்ந்துவிட்டது. அங்கே ஜப்பானில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பது என் முதல் கவலை. இரண்டாவது கவலையை எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் அடித்ததும் உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வது உனக்குத் தெரியாதா. இது அவர் காதில் விழக் கூடாத விஷயம். பக்கத்து வீட்டு மெலியும் உன்னைப்போல அங்கே பந்தயம் ஓட வருகிறான் அல்லவா, அவனிடம் உனக்குக் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்புகிறேன். கடிதம் மாவுக்குள் இருக்கிறது, தட்டி எடுத்துப் படி.

நீ அனுப்பிய காரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. அந்தக் காரோடு உங்கப்பாவை ஒரு நாள் பள்ளத்தாக்கிலிருந்து தூக்கி வரவேண்டியிருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதே கண்ணு, நீ வாங்கியது நல்ல வண்டிதான். யாரோ ஓட்டிப் பழசான டீசல் கார் என்றாலும், அந்த டர்போ இருக்கிற தெம்பில், பள்ளத்தாக்கிலிருந்து நம் ஊருக்கு ஏறுகிற தம்பாச் ஏற்றத்தை மாம்பழ மூட்டையும் ஆளுமாக நிரம்பிய வயிற்றோடு ஓடி ஏறிவிடும். ஆனால் ஓட்டுகிறவர் யார், லாரி ஓட்டிப் பழகிய உங்கப்பா. ஏறி வந்து சந்தை முன்னால் நிறுத்திய கையோடு எஞ்சினை அணைத்துவிடுவார், அது அனலாய்க் கொதித்துக்கொண்டிருக்கும். திரும்ப இறங்கும்போதோ எஞ்சினையே போடமாட்டார், நியூட்ரலில் உருட்டிக்கொண்டே போவார். கேட்டால், "பூமியே சும்மா இழுக்குது, நான் எதுக்குடி டீசலை எரிக்கணும்" என்பார். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் கல்லாய் இறுகிவிடுகிறது, ஸ்டீயரிங் திரும்ப மறுக்கிறது, ஒவ்வொரு வளைவிலும் அவர் எழுந்து நின்றுதான் மிதிக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பரிசுத்தவான்களையும் கூப்பிட்டுக்கொண்டு போவேன்.

இந்த வருஷம் விதைப்பு சமயத்தில்தான் புகை வர ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் கொஞ்சம் நீலமாக வந்தது. நான் சொன்னதற்கு, "எழுந்ததும் நீ இருமலையா, அதுவும் இருமட்டும் விடு" என்றார். பிறகு அதிகமானது. நம் ஊரில் எல்லாருக்கும் ஓடத் தெரியும் என்பார்கள், இப்போது எல்லாருக்கும் புகையும் தெரிகிறது. புகை வெள்ளை, தண்ணீர்தான் உள்ளே இறங்குகிறது என்று ஒருவர். கறுப்புதான், பங்கில் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்று இன்னொருவர். எனக்குக் கண் நன்றாகத் தெரியும் மகளே, அது நீலம், ஈர விறகு எரிகிற மாதிரி நீலம். உங்கப்பா யாரையும் கேட்காமல் லாரிக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை வாங்கி ஊற்றினார், "கெட்டியா இருந்தா எப்படிக் கசியும்" என்றார். சில நாள் புகை குறைந்தது, மனிதர் சேவல் மாதிரி நடந்தார். அப்புறம் முன்னைவிட மோசம். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது, ஆனால் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் காய்ந்து கிடக்கிறது. குடிகாரன் வீட்டில் பாட்டில் காலியாவதுபோல எங்கேதான் போகிறது என்று நான் தூக்கமில்லாமல் யோசித்தேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். அவரோடு போகாமல், ஏற்றத்து வளைவில் என் மாம்பழக் கூடைகளோடு உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கி முக்கி ஏற்றம் ஏறும்போது பின்னால் புகை அவ்வளவாக இல்லை. போலீஸ் நிறுத்தி, எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி கிளம்பும்போது பார்க்கணுமே, பின்னால் நின்ற மோட்டார் பைக்காரன் முகமே தெரியவில்லை. உங்கப்பாவை இழுத்துக்கொண்டு அதே காரில் எல்டோரெட் டவுனுக்குப் போய், மெக்கானிக் பர்னாபாவிடம் இதைச் சொன்னேன். அவன் எங்களைப் பார்த்தான், காரைப் பார்த்தான், டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த ரப்பர்க் குழாயைக் கழற்றி விரலை விட்டான், கை கருப்பு எண்ணெயாய் வெளியே வந்தது. உள்ளே இருக்கிற சின்னச் சக்கரத்தை ஆட்டிக் காட்டினான், விழப்போகிற பல் மாதிரி ஆடியது. "ஐயா, இந்தச் சக்கரம் எண்ணெயிலதான் மிதக்குது. ஏறி வந்த சூட்டோட அணைச்சா எண்ணெய் அங்கேயே கருகிடும். இப்ப சீல் போயிடுச்சு, ஆயில் முழுக்க எஞ்சினுக்குள்ள போகுது" என்றான். அதோடு விட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன். "டீசல் எஞ்சினுக்கு ஆயிலும் தீனிதான். ஒரு நாள் அது தன் ஆயிலையே குடிச்சு ஓட ஆரம்பிச்சுடும், அப்ப சாவியைத் திருப்பினாலும் நிக்காது. மாத்துற வரைக்கும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டான். உங்கப்பா தலையைத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வருகிற வழியில், அதே காரில், என்னிடம் சொன்னார்: "ஜெரோப்கிட்ட மூச்சு விடாத. அனுப்பினது ஓட்டைன்னு தெரிஞ்சா அந்த முழங்காலோட இன்னும் நாலு பந்தயம் ஓடுவா." அவர் சொன்னது நிஜம்தானே, நீ அப்படிப்பட்டவள்தான்.

போன சனிக்கிழமை அது நடந்தது. கீழேயிருந்து ஏறி வந்து சந்தைக்கு முன்னால் சரிவில் நிறுத்தினார். நானும் உன் சித்தி தாப்கிகெனும் இறங்கினோம். அவர் சாவியைத் திருப்பி உருவிவிட்டார். எஞ்சின் நிற்கவில்லை. முதலில் கொஞ்சம் உறுமியது, பிறகு யாரும் மிதிக்காமலே எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டே போனது, நான் என் வாழ்நாளில் ஒரு வண்டி அப்படி அலறிக் கேட்டதில்லை. புகை சந்தையையே மூடிவிட்டது, தக்காளிக்காரப் பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கண்ணாடி வழியாக உங்கப்பாவைப் பார்த்தேன், சாவி அவர் கையில் இருந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இறங்குங்க, இறங்கி ஓடி வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் இறங்கவில்லை. "பிரேக்கை விட்டா உருண்டு கடைங்க மேல போயிடும், நீ எல்லாரையும் தூரமா கூட்டிட்டுப் போ" என்று கையை ஆட்டினார். கைப்பிரேக் அந்தச் சரிவில் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். பிறகு பெரிய கியரைப் போட்டு, இரண்டு காலையும் ஊன்றி, பிரேக்கை மிதித்தபடியே கிளட்சை விட்டார். வண்டி முழுக்க உதறியது, ஒரு குதி குதித்தது, செத்துப்போனது. ஜெரோப், நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை, "அவளுக்குத் தெரிய வேணாம்."

யோசித்துப் பார், சந்தையில் ஆனது அடுத்த வளைவில் ஆகியிருந்தால் நான் யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். ஆனாலும் மனிதர் அடங்கினாரா. குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது இதே காரில் எல்டோரெட் வந்து கூட்டிக்கொண்டு, நேரே கீழே பள்ளத்தாக்கில் பிரெட்வோ ஊர் வரை இறக்கி எல்லா உறவுக்காரர்களுக்கும் காட்டப் போகிறாராம். மகள் வாங்கிக் கொடுத்த காரில் மகளை உட்கார வைத்து. ஆசை நியாயமானது, அதுதான் எனக்கு நெஞ்சைப் பிசைகிறது. நான் சொன்னால், "உனக்கு எப்பவும் பயம்தான்" என்கிறார். ஆமாம், பயம்தான், என்ன தப்பு.

இனி நீ செய்யவேண்டியது. பணம் அனுப்பாதே, பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதே, மாம்பழம் விற்கட்டும், டர்போ எப்போது மாற்ற முடியுமோ அப்போது மாற்றுவோம். நீ அவரிடம் பேச மட்டும் பேசு. நான் எழுதினேன் என்று சொல்லவே சொல்லாதே, அங்கே கார் விற்கிறவர் யாரோ சொன்னதாகச் சொல். சின்னவளாக நீ ஓடி வந்து மூச்சிரைக்கத் தொப்பென்று தரையில் உட்காரும்போதெல்லாம் உன் கையைப் பிடித்துத் தூக்கி, "சூட்டோட உட்காராதடி, மூச்சு அடங்குற வரைக்கும் நட" என்று மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தது யார். உங்கப்பாதானே. அந்த வார்த்தையை அவருக்கே திருப்பிச் சொல். ஏறி வந்த வண்டியும் கொஞ்ச நேரம் சும்மா ஓடி மூச்சடங்கத்தான் வேண்டும் என்று சொல். நீ சொன்னால் அவருக்கு உறைக்கும். டர்போ மாற்றாத காரில் நான் ஏறமாட்டேன், மத்தாத்து வேனில் ஆளோடு ஆளாக வருகிறேன் என்றும் கண்டிப்பாகச் சொல், வருத்தப்பட்டால் படட்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, பால் புளிக்க வைக்கிற பழைய சுரைக்குடுக்கைக்குள் போட்டு மூடிவிட்டேன். சாவியால் நிறுத்த முடியாத வண்டி, சாவி இல்லாமல் கிளம்பாமலாவது இருக்கட்டும் என்று. தலையில் இருக்கிற தொப்பியையே எங்கே என்று என்னிடம் கேட்கிற மனிதர் அவர். தினமும் காலையில் ஆணியைப் பார்க்கிறார், வெளியே போய் மாட்டுக்குப் புல் அறுக்கிறார். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் பயமாக இருக்கிறது மகளே.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்று, வலித்தால் ஓடாதே. நம் வழக்கப்படி உன் நெஞ்சில் துப்பி வாழ்த்த நான் பக்கத்தில் இல்லை, அதனால் இந்தத் தாளில் துப்பியிருக்கிறேன், மூலை சுருங்கியிருந்தால் அது என் ஆசீர்வாதம் என்று வைத்துக்கொள். கடவுள் உன்னைக் கால் தடுக்காமல் வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். உன்னிடம் இருக்கும் மாற்றுச் சாவியை அப்பா கேட்டாலும் அனுப்பாதே. கேட்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா கொபிலோ