தூணருகே நிற்கும் பூக்கார அம்மா

கம்பம்மெட்டு,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஜிஷா அக்காவுக்கு, பின்சி எழுதுவது.

பூக்கார அம்மாவின் விரல் நுனிகளைத்தான் முதலில் பார்த்தேன். ஏலக்காய் பறிக்கும் எங்கள் அம்மாவின் விரல்களைப் போலவே கறை படிந்து கறுத்திருந்தன. இத்துடன் வைத்திருக்கும் படத்தில் தூணருகே நிற்பவர் அவர்தான். உங்களுக்குக் காட்டாமல் அதைச் சுற்றுலாப் புத்தகக்காரர்களுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கஞ்சிக்கோட்டில் உங்கள் அண்ணன் வீட்டில் நலமா? கைக்கட்டை எப்போது அவிழ்ப்பார்கள்? போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்கே தெரியும்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். யார் குறுக்கே வந்தாலும், படத்துக்கு நிற்கச் சொல்ல வாய் வராமல், அவர்கள் போகும்வரை காத்திருந்து எடுத்தேன். வெளியே வந்து பார்த்தால் அத்தனை படத்திலும் வெறும் தூண்கள். "ஆள் இல்லாத படம் வேண்டாம், தந்தா அப்புறம் எங்களுக்கு உங்க ஸ்டுடியோவும் வேண்டாம்" என்று சுற்றுலாப் புத்தகக்காரர்கள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. கையில் கட்டோடு, உங்களுக்குப் பதில் பின்சி எடுப்பாள் என்று நீங்கள் வாக்குக் கொடுத்த வேலை. அழுகை வந்துவிட்டது.

எதிரே ஒரு சின்ன அம்மன் கோயில். சர்ச்சுக்குள் போகிற நினைப்பில் ஷாலைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பூக்கார அம்மா கூப்பிட்டார். "ஏத்தா, யாரு வீட்டு எழவுக்கு வந்த? அம்மன் வாசல்ல முக்காடு போட்டுட்டு நிக்கிற?" என்றார். பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரர் சிரித்தார். எங்கள் சர்ச்சில் மரியாதைக்கு இப்படித்தான் போடுவோம் என்று மெல்லச் சொன்னேன். "அட கிறுக்கச்சி, மரியாதைக்கா போட்ட?" என்று தானே ஷாலை இறக்கிவிட்டு, ஒரு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டார்.

அக்கா, ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றபோது எல்லாரும் ஏலக்காய் ஸ்டோருக்குக் காய் பொறுக்கப் போகச் சொன்னார்கள். நீங்கள் ஒருவர்தான், "இத கழுத்துல மாட்டிக்கடி, கீழ போட்டா கொன்னுருவேன்" என்று கேமராவைக் கொடுத்தீர்கள். அந்த நன்றியை இதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று கோயில் வாசலில் அந்த விரல்களைப் பார்த்தபடி, முதல் தடவையாக நானே ஒருவரிடம் வாய் திறந்தேன். மகாலுக்குள் வந்து ஒரு படத்துக்கு நிற்பீர்களா என்று கேட்டேன்.

அவர் பூ கட்டுவதை நிறுத்தினார். "முப்பது வருசமா இதுக்கு எதுத்தாப்புலதான் உக்காந்திருக்கேன். உள்ள போனதில்லத்தா. என்னைய விடுவாகளா?" என்றார்.

கூடையைத் தேங்காய்க் கடையில் வைக்கச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். கவுண்டரில் தலையை நீட்டி, பின்னால் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, இரண்டு டிக்கெட் என்றேன்.

உங்கள் கை சீக்கிரம் குணமாக ஜெபிக்கும்,
பின்சி