பொய் நுரை

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் காவலில் நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன கிழமை முழுக்கப் பெயின்ற் அடிக்கும் வேலை. கப்பல் வேகமாக ஓடும்போது முன்பக்கத்தில் எழும்புமே நுரை, அதைப் போலவே கப்பலின் உடம்பில் தண்ணீர் மட்டத்தோடு வெள்ளைப் பெயின்றால் கீறச் சொன்னார் கப்டன். நாளைக்கு நாங்கள் போகும் கடலில் நீர்மூழ்கி திரிகிறதாம். உள்ளே இருப்பவன் எங்கள் வேகத்தையும் கோணத்தையும் மட்டுக்கட்டித்தான் டோர்பிடோ விடுவானாம். இந்த நுரையைப் பார்த்து வேகத்தைக் கூட்டி மட்டுக்கட்டினால் அது எங்களுக்கு முன்னால் போய்விடும். இந்தக் காலத்துக் கருவிகளும் இதற்கு ஏமாறுமா என்று கேட்டேன். கப்டன் இன்னொரு வாளி வெள்ளைப் பெயின்றை என் கையில் தந்தார்.

அம்மாவிடம் பெயின்ற் அடித்ததோடு கதையை நிறுத்துங்கள். தங்கச்சியிடம் சொல்லி இரண்டு பெனியனும் கொஞ்சம் மோர்மிளகாயும் அனுப்புங்கள். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள், சும்மாதான்.

ஊருக்குப் போகும் சமையல்காரர் கீழே படகில் நின்று கூப்பிடுகிறார், கடிதத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். நாளையிலிருந்து ஃபோனும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பிய படத்தைப் பார்த்து, "கப்பல் நல்லா ஓடுதடா, பதின்மூண்டு நொட்ஸ் வரும்" என்றீர்கள். குருநகர்க் கரையில் நின்றே தூரத்து வள்ளத்தின் வேகத்தைப் பிசகாமல் சொல்பவர் நீங்கள். அப்பா, அன்றைக்குக் கப்பல் நங்கூரத்தில் நின்றது. நீங்களே ஏமாந்தால் அவனும் ஏமாறுவான் என்று நினைத்த பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

உங்கள் மகன்,
டெனிஸ்ரன்