கறி இல்ல, மறுகா பார்க்கணும்

அக்கா,

போன வியாழக்கிழமை எங்கள் வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறையில் இருந்த பழைய பிரிட்ஜை மாற்றினார்கள். பிறீசரைத் துப்புரவாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தக் கட்டடத்தில் அந்தப் பிரிட்ஜை விடப் பழைய ஆள் நான் ஒருத்திதானாம். சிரித்துக்கொண்டு சொன்னார்கள்; நானும் சிரித்துக்கொண்டே முறைத்தேன்.

அடித்தட்டில், பனி மூடிக் கிடந்த ஒரு பட்டாணிப் பைக்குப் பின்னால் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருந்தது. மூடியில் ஒட்டுநாடா. அதில் வலப்பக்கம் சரிந்து விழுகிற உங்கள் எழுத்து: 'கறி இல்ல. மறுகா பார்க்கணும்.'

புது மனேஜர் எட்டிப் பார்த்து, இது யாருடைய சாப்பாடு என்று கேட்டார். கறி இல்லை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூடியைத் திறந்தேன். பிளாஸ்டிக் பைக்குள் உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. கையில் வைத்திருக்க வைத்திருக்க அதில் இறுகியிருந்த மசகு இளகி, அந்தப் பழைய மணம் வந்தது. உங்கள் மேசையின் மணம், உங்கள் மேற்சட்டையின் மணம், மாலையில் என் காருக்குள் ஏறி நானூற்றொன்று நெடுஞ்சாலை நெடுக நம்மோடு வந்த மணம். நான் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். மிச்சப் பிறீசரை வேறு யாரோதான் துடைத்தார்கள்.

ஊர்ச் சண்டைக்குத் தப்பி இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த நம்மை மிசிசாகாவில் இந்த வேலைக்கு அனுப்பிய முகவர் 'விளையாட்டுப் பொருட்கள்' என்றுதானே சொன்னார்? பந்தும் மட்டையும் பெட்டி கட்டுகிற வேலை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் இருந்தும் அதுவரை நாம் முகம் பார்த்துப் பேசியதில்லை. நான் ஆறாம் மாடி, நீங்கள் பதினோராம் மாடி. முதல் பெட்டியைத் திறந்தால், எண்ணெய்த் தாளில் சுற்றி, நீளமாக ஒரு வேட்டைத் துவக்கு. துப்பாக்கி என்று புத்தகத்தில் எழுதலாம். நமக்கு அது துவக்குத்தான். நான் இரண்டு அடி பின்னால் போனேன். நீங்கள் குனிந்து உற்றுப் பார்த்தீர்கள்.

"அங்க இதுட வாயைத்தான் பார்த்த நாம. இஞ்ச வயித்தையும் பார்ப்பம்."

அப்படித்தான் அந்த வேலையில் நின்றோம். கடல் கடந்து எங்கோ ஒரு கொம்பனி வேட்டைத் துவக்குகள் செய்யும்; நம்முடைய இடம் அவற்றை இறக்கி விற்கும்; வாரண்டிக் காலத்துக்குள் கோளாறு என்று திரும்பி வருபவை நம் கைக்கு வரும். முன்பு மின்சுற்றுப் பலகை ஒட்டும் தொழிற்சாலையில் பழகிய விரல்கள் என்பதால் உங்களைத் திருத்தும் மேசைக்குப் போட்டார்கள். எனக்குக் கடிதமும் தொலைபேசியும் படிவமும். அனுமதிப் பத்திரத்துக்காக நம்மை வகுப்புக்கு அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? துவக்கோடு முன் அனுபவம் உண்டா என்று படிப்பிக்க வந்தவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். உங்கள் முறை வந்தபோது, "உண்டு, முன்பக்கத்தில் நின்று" என்றீர்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

உங்கள் 'மறுகா'வை நான் எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன்! மட்டக்களப்பில் இருந்து வேறு எதையும் கொண்டுவராவிட்டாலும் அந்தச் சொல்லைக் கொண்டுவந்திருந்தீர்கள். கதை சொன்னாலும் மறுகா, கறிக்குப் பக்குவம் சொன்னாலும் மறுகா. "மறுகா தேங்காய்ப் பால விடு, மறுகா இறக்கு." நான் ஒவ்வொரு தடவையும் "பிறகு எண்டு சொல்லுங்கோ அக்கா" என்று திருத்துவேன். மற்றவர்களின் தமிழைத் திருத்துவது யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வருத்தம், அதற்கு மருந்தில்லை என்று நீங்கள் சொல்லுவீர்கள். ஆனாலும் நான் விடவில்லை. மறுகா என்றால் பிறகு. அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்.

வடக்கே பனிக்காட்டு ஊர் ஒன்றில் இருந்த அந்த வாடிக்கையாளரின் துவக்கு இரண்டாம் முறை வந்தது ஒரு கார்த்திகை மாதம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சேஃப்டிப் பூட்டை விலக்கியதும், விசையில் விரல் வைக்காமலே துவக்கு வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். குண்டு பனிக்குள் போனது. அந்த இடத்துக்கும் அவருடைய மகளின் சப்பாத்துக்கும் ஓரடிதான் இடைவெளி. முதல் முறை வந்தபோது நீங்கள் நாற்பது தடவை பூட்டி விலக்கிப் பார்த்தீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. துவக்கில் பிழையில்லை, அவருடைய விரல்தான் பட்டிருக்கும் என்று கொம்பனியும் எழுதிவிட்டது. 'கோளாறு காணப்படவில்லை' என்ற தாளோடு திருப்பி அனுப்பினோம். இந்த முறை அவர் கடிதத்தில் ஒரே ஒரு வரி: தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள்.

அது வெள்ளிக்கிழமை. வெள்ளி பின்னேரம் என் மேசையில் ஒரு கோப்பும் கிடக்கக் கூடாது என்பது என் வீம்பு, உங்களுக்குத் தெரியும். உங்கள் மேசைக்கு வந்து என்ன மாதிரி என்று கேட்டேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இப்ப ஒண்டும் காட்டல்ல. மறுகா பார்க்கணும்" என்றீர்கள்.

எனக்குக் கேட்டது இதுதான்: இப்போது ஒன்றும் இல்லை, இனி ஏதும் வந்தால் பிறகு பார்க்கலாம். நான் என் மேசைக்குப் போய்ப் படிவத்தில் கோளாறு இல்லை என்று குறி போட்டேன். சோதித்தவரின் பெயரெழுத்துப் போடும் கட்டத்தில், உங்களை நடக்க வைக்காமல், வழக்கம்போல உங்கள் எழுத்தை நானே போட்டேன். பார்சல் வண்டி வந்தது. துவக்கு போய்விட்டது. வெறும் மேசையைப் பார்த்து எனக்கு நல்ல சந்தோசம்.

திங்கட்கிழமை காலை நீங்கள் காருக்குள் ஏறும்போதே முகமெல்லாம் வெளிச்சம். மடியில் வெறும் ஐஸ்கிரீம் டப்பா. ஞாயிறு சமையலுக்கு மீனை எடுத்தபோதுதான் யோசனை வந்ததாம். பிறீசருக்குள் இருந்த நல்லெண்ணெய்ப் போத்தலில் எண்ணெய் கட்டியாகிக் கிடந்ததாம். அந்தப் போத்தலை அங்கே யார் வைத்தது என்று உங்கள் மகனுக்கு ஒரு பேச்சு; பிறகு அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"நாம சூட்டுக்குள்ள வெச்சுப் பார்க்கிறம் புள்ள. அந்த மனிசன் குளிருக்குள்ளதானே சுடுறார். அந்தத் துவக்க எடு, பிறீசருக்குள்ள போடுவம்."

"அது வெள்ளிக்கிழமையே போயிட்டுது அக்கா."

"எங்க போன?"

"நீங்கள்தானே பிறகு பார்ப்பம் எண்டனீங்கள்."

"நான் மறுகா எண்டன். மறுகா எண்டா, திருப்பி ஒருக்கா!"

நானூற்றொன்றில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவ்வளவு நேரமும் நீங்கள் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

களஞ்சியத்தில் அதே வகைத் துவக்குகள் இருந்தன. இரண்டைக் கழற்றி, விசைப் பகுதியை மட்டும் எடுத்து, டப்பாவுக்குள் வைத்து, யாராவது சூடாக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அந்த ஒட்டுநாடாவை ஒட்டினீர்கள். தமிழில் எழுதினால் அங்கே என்னைத் தவிர யாருக்கு விளங்கும் என்று கேட்டேன். "உனக்கு விளங்கினாக் காணும்" என்றீர்கள். அந்த 'மறுகா' எனக்காகவே எழுதியது என்று அப்போதே தெரியும்.

அடுத்த நாள் காலை டப்பாவைத் திறந்து, கையுறையோடு எடுத்து, சேஃப்டியை விலக்கினீர்கள். விசையைத் தொடவே இல்லை. டக் என்றது. மற்றதிலும் டக். தொழிற்சாலையில் அளவுக்கு மிஞ்சிப் பூசிய மசகு குளிரில் மெழுகாக இறுகி, உள்ளே ஒரு சின்னத் துண்டைத் தன் இடத்துக்குத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருந்தது. சூடான அறையில் நாலாயிரம் தடவை பார்த்தாலும் அது காட்டாது.

அன்று முழுக்க அந்த மனிதருக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பார்சல் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கணினி காட்டியது. வேட்டைப் பருவம் முடிய அந்த ஒரு கிழமைதான் இருந்தது. நீங்கள் என் பக்கத்தில் கதிரை போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். கடைசியில் ஒரு பெண்பிள்ளையின் குரல். அப்பா வெளியே வண்டியில் சாமான் ஏற்றுகிறார், நானும் போகிறேன் என்றது. துவக்கு எங்கே என்று கேட்டேன். வண்டிக்குள். கூப்பிடு பிள்ளை, இப்போதே கூப்பிடு என்று நான் கத்திய ஆங்கிலம் அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் வந்தார். பிழை துவக்கில்தான், எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். கோபத்தை எதிர்பார்த்துக் காதைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தேன். அவரோ, இதை என் மகளுக்குச் சொல்வீர்களா என்றார். எங்கள் தாளைப் படித்த நாளில் இருந்து, அப்பா விரலை வைத்துவிட்டுப் பொய் சொல்கிறார் என்று அவள் நினைக்கிறாளாம்.

கோளாறு இல்லை என்று நாம் எழுதினால் கோளாறு அந்த மனிதரில் என்று ஆகிவிடும் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எத்தனை வெள்ளிக்கிழமைகளில் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். நீங்கள் தொலைபேசியை என் கையில் இருந்து வாங்கி, உங்கள் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி அந்தப் பிள்ளைக்குச் சொன்னீர்கள்: "அப்பாவின் விரலில் பிழை இல்லை. நான் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்."

கொம்பனி முதலில் என்ன எழுதியது தெரியும்தானே? சாப்பாட்டு அறைப் பிறீசர் அங்கீகரிக்கப்பட்ட சோதனை முறை அல்ல என்று. அதைப் படித்துவிட்டு, "இஞ்ச வந்து மாசியில வெளிய நிண்டு பார்க்கச் சொல்லு" என்றீர்கள். இரண்டில் ஒன்றை அவர்களுக்கு அனுப்பினோம். மற்றது கிடக்கட்டும் என்று நீங்கள் சொன்னதை நான் மறந்தே போனேன். மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் அந்த வகைத் துவக்கு வைத்திருந்த எல்லோருக்கும் விசையை மாற்றித் தந்தார்கள்.

ஆனால் அதற்கு முன்பே பழைய மனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். படிவத்தை மேசையில் வைத்து, இந்தப் பெயரெழுத்து யார் போட்டது என்று கேட்டார். நேராக, நிமிர்ந்து நின்ற எழுத்து. குருடருக்கும் தெரியும் அது உங்கள் கை அல்லவென்று. நீங்கள் அதை எடுத்து வடிவாகப் பார்த்துவிட்டு, என்னுடையதுதான் என்றீர்கள். நான் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டேன், என் தமிழ் வேறு, இவளின் தமிழ் வேறு என்றும் சொன்னீர்கள். எச்சரிக்கைக் கடிதம் உங்கள் பெயருக்கு வந்தது. அதை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தீர்கள்.

காருக்குள் கேட்டேன். "ஏன் அக்கா உப்பிடிச் சொன்னனீங்கள்? பிழை என்ரயெல்லோ."

"என்ன வேலையால நிப்பாட்ட மாட்டானுகள். இந்தச் சாமானுக்குள்ள கை வைக்க வேற ஆளில்ல. உன்னப் போல கடுதாசி எழுத ஆயிரம் பேர் நிக்காங்க." சொல்லிவிட்டு நீங்களே விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் அழுதுகொண்டு ஓட்டினேன்.

அடுத்த நாள் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். அடுத்த கிழமை என்றாகி, பனி கரையட்டும் என்றாகி, நீங்கள் ஓய்வு பெற்று, மகன் ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய வீட்டுக்குப் போய், "பஸ்ஸும் இல்ல, பேச ஆளும் இல்ல, வீடு மட்டும் இரிக்கி" என்று தொலைபேசியில் குறைப்படவும் தொடங்கிவிட்டீர்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதும் அது என் தொண்டை வரை வந்தது. நித்திரையாக்கும் என்று விட்டுவிட்டு வந்தேன். உங்கள் சொல்லுக்கு நான் வைத்திருந்த பொருளையே நானும் நடந்து காட்டியிருக்கிறேன். எல்லாம் பிறகு, பிறகு.

செத்தவீட்டில் பேசியவர், நீங்கள் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் இடத்தில் வேலை செய்ததாகச் சொன்னார். ஊரில் யாருக்கும் கடைசிவரை நீங்கள் சொல்லவே இல்லை, என்ன? நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் தந்தார்கள்.

வியாழக்கிழமை அந்தக் கதிரையில் இருந்து எழும்பியதும் புது மனேஜரிடம் போனேன். பழைய கோப்பைத் தேடி எடுக்கச் செய்து, அந்தப் பெயரெழுத்தைப் போட்டது நான், அவர் அல்ல என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுச் சேர்க்கக் கொடுத்தேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு யாருக்கு இது வேண்டும் என்று அவர் திகைத்தார். எனக்கு வேண்டும் என்றேன். பிழை உங்கள் வாயில் இருக்கவில்லை அக்கா. என் காதில் இருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இப்போது பட்டறையில் குளிர்ச்சோதனைக்கென்றே தனிப் பெட்டி இருக்கிறது. எந்தத் துவக்கும் அதற்குள் போய் வராமல் கோளாறு இல்லை என்ற தாள் போகாது. கணினியில் அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் கேட்டபோது, யோசிக்காமல் ஆங்கில எழுத்தில் 'மறுகா' என்று அடித்துவிட்டேன். தமிழே தெரியாத மனிதர்கள் ஒருவரை ஒருவர் "மறுகா செய்தாயிற்றா?" என்று கேட்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை.

டப்பா இப்போது என் வீட்டுப் பிறீசரில், சூடை மீன் பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று இவர் அதை எடுத்துப் பார்த்து, "உது என்ன கறி?" என்று கேட்டார். மூடியில் எழுதியிருக்கு, வாசியுங்கோ என்றேன். வாசித்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

மறுகா பார்ப்பம், அக்கா.