பொருந்தாத விடை

அன்பு மகள் ஷெரோமிக்கு, அப்பா எழுதுவது. மாதா காத்ததில் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தோஹாவில் நீயும் மாப்பிள்ளை மிலானும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். என் போன் மண்ணுக்குள் போய்விட்டது. நம் வரிசையில் ஏழாம் காம்பரா வீட்டு அம்மாக்கண்ணுவின் போனில் உயிரோடிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன், மீதியை இதில் எழுதுகிறேன். லயத்து வீடுகளுக்கு மேலே மலைமேட்டில் நிலம் வெடித்திருக்கிறது, வெளியே வாங்க என்று நீ ஆறு மாதமாகக் கெஞ்சினாய். உன் அம்மா மூச்சை விட்ட காம்பராவை விட்டு வரமாட்டேன் என்று நான் உன்மேல் சீறி விழுந்தேன். அது வெறும் பிடிவாதம், மன்னித்துக்கொள்.

போன செவ்வாய் பின்னேரம் வாசல் கரும்பலகையில் லயத்துப் பிள்ளைகளுக்கு வர்க்கமூலச் சமன்பாடு படிப்பித்தேன். √(x+2) = x−4. இரண்டு பக்கத்தையும் வர்க்கமாக்கினால் ஏழு, இரண்டு என்று இரண்டு விடை வரும். பிள்ளைகள் இரண்டையும் எழுதிவிட்டுக் கைதட்டுவார்கள். உன் அம்மா ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள், ஆனாலும் கேட்டுக் கேட்டே பழகி, "பழைய கணக்குல போட்டுப் பாத்தீங்களா வாத்தியாரே" என்று உள்ளேயிருந்து என்னைச் சீண்டுவாள். போட்டுப் பார்த்தால் ஏழு பொருந்தும். இரண்டைப் போட்டால் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மறை இரண்டு (−2). வர்க்கமாக்கும்போது எங்கிருந்தோ உள்ளே வந்துவிடுகிற விடை அது. அதை வட்டமிட்டுக் குறுக்கே கோடு இழுப்பது அவள் வேலை, இடக்கைக்காரி என்பதால் கோடு மறுபக்கமாகச் சாயும். அன்றைக்கு மழை வலுத்ததால் இரண்டு விடையையும் அழிக்காமல் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் பலகையில் இரண்டுக்கு வட்டம், குறுக்கே கோடு. கோடு உன் அம்மா இழுப்பதுபோல மறுபக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரே பனிமூட்டம், ஆள் நடமாட்டமே இல்லை. திரும்பினால் நம் கதவில் பெயின்ட்டால் எழுதிய காம்பரா நம்பர் இரண்டின் மேலும் அதே வட்டம், அதே கோடு. தொட்டேன், சோக்கட்டித் தூள் விரலில் ஒட்டியது. மழைச் சாரலில் நனைந்த கதவு மகளே, அதில் எழுதியது மட்டும் காய்ந்திருந்தது.

"ஏழுக்கு ஓடுங்க" என்று நான் கத்திய கத்தலில் முதல் மூன்று காம்பராக்காரரும் எழுந்து அம்மாக்கண்ணு வீட்டுக்கு ஓடிவந்தார்கள். அரை மணியில் மேலேயிருந்த மேடு சரிந்து இறங்கியது. முதல் மூன்றும் இல்லை. ஏழு நிற்கிறது. படிக்க வந்த பிள்ளைகள் யாரும் கோடு போடவில்லை, எல்லாரையும் கேட்டுவிட்டேன்.

இப்போது மாதா கோயில் மண்டபத்தில் இருக்கிறோம், சாப்பாட்டுக்குக் குறையில்லை. அம்மாவின் ஓராண்டுப் பூசைக்கு எப்படியாவது வந்து சேர், மறக்காதே. குளிருக்குக் கம்பளி இருக்கிறது, கவலைப்படாதே. இங்கேயும் ஒரு பலகை இருக்கிறது. தினமும் ஒரு கணக்கை எழுதி, பொருந்தாத விடையையும் அழிக்காமல் விட்டுவைக்கிறேன். காலையில் போய்ப் பார்த்தால் விடை இரண்டும் கோடு விழாமல் அப்படியேதான் இருக்கின்றன.

உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை அடையாளம் இட்டு ஆசீர்வதிக்கும்
அப்பா,
பத்திநாதன்