கூடக்குறைய

மகளுக்குத் தைத்து வந்த பள்ளிக்கூடப் பாவாடை இன்று காலை இடுப்பில் நிற்காமல் நழுவி விழுந்தது. "அளவு எடுத்தது யாரு?" என்றாள் வீட்டுக்காரி. நான்தான். பெட்டியில் கிடந்த பழைய துணி நாடாவால் எடுத்தேன். அது நாம் இருவரும் காட்டில் கட்டை அளந்த நாடா என்பது அப்போதுதான் உறைத்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன் வே.

ராயகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் நாம் பார்த்த வேலை அது. காட்டை வெட்டி எரித்த இடத்தில் மிஞ்சிய அடிக்கட்டைகளின் சுற்றளவை எடுக்க வேண்டும். அதை வைத்து எவ்வளவு மரம் நின்றது, எவ்வளவு கரி புகையாகிக் காற்றில் கலந்தது என்று கல்லூரி ஐயா கணக்குப் போடுவார். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் கோட்டை விட்ட என்னை எந்த நம்பிக்கையில் சேர்த்தாரோ! ஒழுங்காகச் செய்தால் அடுத்த மலைக்கும் நாம்தான் என்றார். மகள் பிறந்து அப்போது நாற்பது நாள். எனக்கு அந்த அடுத்த மலை வேண்டும்.

நாடாவால் தூக்குச்சட்டியைக் கட்டித் தூக்கி, நுனியை நைய வைத்தவன் நான். நைந்ததைக் கத்தரித்து, வளையத்தை மறுபடி தைத்து, எனக்கு நானே சபாஷும் போட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்து ஒரு கட்டைமேல் உட்கார்ந்து, சும்மா உம் இடுப்பை அளந்தீர்.

"எனக்கு எப்படி வே முப்பது வரும்? இருவத்தாறுல்லா!"

நாடா நாலு என்ற எண்ணில் தொடங்கியது.

"எல்லாக் கணக்கும் கூடக்குறையத்தான் இருக்கும், விடும் வே," என்றேன்.

"கூடயும் குறையயும் இருந்தா ஒண்ணுக்கொண்ணு சரியாப் போவும். உம்ம நாடாவுல கூட மட்டும்லா இருக்கு. குறைய எங்கன வே?"

எல்லாக் கட்டைக்கும் நாலு கழித்தோம். அதோடு விட்டீரா? கட்டையைப் பார்த்து மரத்தின் உயரம் தெரியாதாம். 'இதற்குக் குறையாது, இதற்கு மேல் போகாது' என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண். படிவத்திலோ ஒரே கட்டம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஒரு நம்பர் எழுதுங்கய்யா," என்றார் ஐயா.

"மரம் நின்னத நான் பாக்கலியே ஐயா. பாக்காததுக்கு ஒத்த நம்பர் எழுதினா பொய்யில்லா?" என்றீர்.

ஐயாவின் முகம் சிவந்தது. படிவத்தில் நாலு கழித்திருந்ததைப் பார்த்து, நாடாவை வெட்டியது யார் என்று அடுத்துக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் "நான்தான்" என்றீர். திறந்த வாயை நானும் மூடிக்கொண்டேன்.

அடுத்த மலைக்கு நான் மட்டும் போனேன். நீர் சங்கரன்கோவிலில் தறிக்குப் போனீர். எதற்கு அப்படிச் சொன்னீர் என்று பஸ் ஸ்டாண்டில் உம்மோடு சண்டை போட்டேன்.

"உமக்குப் பிள்ள இருக்கு. எனக்கு இந்த இருவத்தாறு இடுப்புதான வே இருக்கு."

புதுப் படிவத்தில் ஐயா இரண்டு கட்டம் போட்டிருந்தார். அதைக் காட்டி உம்மைத் திரும்பக் கூட்டிப்போக ஓடி வந்தேன். "ரெண்டு கட்டம் வந்தாச்சுல்லா, பெறகு நான் எதுக்கு?" என்று தறியை ஓட்டிக்கொண்டே கேட்டீர். உம்மை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்ய?

நாடாவை எறியச் சொல்கிறாள் வீட்டுக்காரி. மாட்டேன். 'நாலு கழிக்கவும்' என்று நுனியில் மையால் எழுதிவிட்டேன்.

போன மாதம் உம் சாவைப் பதிய நான்தான் போனேன். வயது கேட்டார்கள்.

"நாப்பத்தொண்ணுக்குக் குறையாது, நாப்பத்துநாலுக்கு மேல போவாது."

"ஒண்ணச் சொல்லும் வே, பின்னால ஆளு நிக்கி," என்றார் எழுதுகிறவர்.

நீர் பிறந்ததை நான் பார்க்கவில்லையே.