நீலப் பருந்து, இரண்டாம் பாகம்

1986 செப்டம்பர் 2, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். சாயந்திரம் தூறல், கொடியில் துணியெல்லாம் ஈரம். வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், தீப்பெட்டி, அம்மா முட்டிக்குத் தைலம்.

இன்று டி.வி.யில் ‘நீலப் பருந்து’ இரண்டாம் பாகம் ஆரம்பம். ஒரு வாரமாகத் தெருவில் இதே பேச்சு. அம்மா காதில் விழாமல் இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். தட்டாஞ்சாவடியில் சோப்பு கம்பெனி வேலை முடிந்து வந்தால், புடவை மாற்றித் தலை வாரி நிற்கிறாள்.

“மதாம் வூட்டுக்குப் போறேன். நீ வரியா?”

தம்பி போனதிலிருந்து வாசல் தாண்டாதவள்.

எதிர்வீட்டு மதாம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; அதனால் தெருவுக்கே அவர் ‘மதாம்’. எங்கள் தெருவில் டி.வி. அங்கேதான். அம்மாவைப் பார்த்ததும் மதாம் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். தரையெல்லாம் பிள்ளைகள்.

பருந்தாக வசனம் பேசுகிற முகம் பெரிய நடிகருடையது. முகமூடி மாட்டியபின் மாடிக்கு மாடி தாவுவது, ஓடும் லாரியில் குதிப்பது, கடத்தல்காரனைப் புரட்டுவது எல்லாம் என் தம்பி சேகர். முதல் பாகத்தில் எழுத்துப் போடும்போது அவன் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. “மூஞ்சி தெரிஞ்சா அப்புறம் இன்னாக்கா பருந்து?” என்று சிரித்தான்.

சித்திரை மாதம் இந்த இரண்டாம் பாகம் எடுக்கும்போதுதான் விழுந்தான். மெட்ராஸில். கீழே போட்ட மெத்தை தள்ளிக் கிடந்ததாம். நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதித்தான். இடது கால் முதலில், பிறகு உள்ளங்கையால் தரையில் ஒரு தட்டு. சின்ன வயதிலிருந்தே எங்கே குதித்தாலும் அப்படித்தான்.

அம்மா அசையவில்லை.

முன்னால் ஒரு சிறுமி பக்கத்தவளிடம்: “செத்துட்டாருன்னாங்க. தோ வராரே?”

செப்டம்பர் 3, புதன்

தூக்கமில்லை. பேக்கிங்கில் இரண்டு முறை தப்பான அட்டை ஒட்டினேன். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். திட்டினால் அழ ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா பாடிக்கொண்டே பாத்திரம் தேய்க்கிறாள். பாட்டுக் கேட்டு எத்தனை நாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில். டெம்போ கிடைக்கவில்லை, பாதி தூரம் நடை. செருப்பு வார் அறுந்தது.

வீட்டில் மீன் வறுக்கிற வாசனை. சங்கரா. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் முட்டை ஓடு கூட உள்ளே வந்ததில்லை.

“இன்னாம்மா இது, செவ்வாக் கெழம?”

“அவனுக்குப் புடிக்கும்ல.”

ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்துவிட்டு மதாம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இந்த வாரம் போலி மருந்து செய்கிற கும்பல். சேகர் கயிற்றில் தொங்கி ஜன்னல் உடைத்துப் போனான். அம்மா சிரித்தாள்.

திரும்பி வந்து அந்த மீனை நான்தான் சாப்பிட்டேன். இறங்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இடி, மழை. எழுத்துப் போட்டு முடிப்பதற்குள் கரண்ட் போச்சு. பிள்ளைகள் “ஓ” என்று கத்திவிட்டு வெளியே மழையில் ஆடப் போனார்கள். மதாம் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. இருட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு, “வந்துடும், வந்துடும்.”

வரவில்லை.

“இந்த வாரத்தத் திருப்பிப் போடுவாங்களா மதாம்?” என்றாள் அம்மா.

“போடமாட்டாங்க லட்சுமி. அடுத்த வாரம் பாத்துக்கலாம் வா.”

“அடுத்த வாரம் வேற. இது போயிடுச்சே.”

தெரு நடுவில் நின்று அழுதாள். சாவு அன்றுகூட இப்படி அழவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

செப்டம்பர் 23, செவ்வாய்

நல்லபடியாக ஓடியது. சண்டை குறைவு, பேச்சு அதிகம். அம்மாவுக்குக் கோபம். “அந்தாளு பேசிக்கினே இருக்கான். எம்புள்ளய எப்பத்தான் காட்டுவாங்க?” கடைசியில் காட்டினார்கள். கொஞ்ச நேரம்தான். சுவர் மேல் ஓடி, திரும்பிப் பார்த்து, மறைந்தான்.

திரும்பிப் பார்த்தது எங்களைத்தான் என்கிறாள் அம்மா. ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

துணி துவைத்தது. அரிசி புடைத்தது. மதியம் அம்மா தூங்குகிற நேரம் வாசலில் யாரோ. சேகரோடு வேலை செய்த பாபு. சாவுக்கு வந்து பந்தலில் தண்ணி ஊற்றிய பையன். மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். உள்ளே வரமாட்டேன் என்றான். அம்மாவை எழுப்பாதீங்க என்றான்.

“அக்கா, வர செவ்வாக்கெழம... மாடிலேர்ந்து குதிக்கிற சீன் வருது. அன்னிக்கு எடுத்தது.”

“அது எதுக்குப் போடறாங்க?”

“குதிக்கிற வரைக்கும் அவன். நல்லா வந்திருக்குன்னு வச்சிக்கினாங்க. தரைல வந்து நிக்கிறது நான். அதுக்கப்புறம் எல்லா வாரமும் நான்தான்.”

எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவன் முழங்கையில் ஆறாத காயம்.

“அம்மா தெரியாம பாத்துடக் கூடாதுக்கா. அதான் வந்தேன்.”

சோறு சாப்பிடு என்றேன். மாட்டேன் என்று போய்விட்டான். தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தோளெல்லாம் தம்பி மாதிரியே. அதற்காகத்தான் எடுத்திருப்பார்கள்.

செப்டம்பர் 29, திங்கள்

சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். நாளைக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

“கடைசியா மேல நின்னப்ப நான் பக்கத்துல இல்ல. நாளைக்காவது இருக்கேன்.”

ராத்திரி இருவரும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

அரை நாள் லீவு. மதாமிடம் முன்பே சொல்லியிருந்தேன். பிள்ளைகளை இன்று வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். நாங்கள் மூவர் மட்டும்.

வந்தது. கட்டி முடிக்காத மாடி. விளிம்பில் சேகர், நீலத் துணி காற்றில் அடிக்கிறது. இடுப்புக் கச்சையை ஒரு தரம் இழுத்து விட்டுக்கொண்டான். அம்மா என் கையைப் பிடித்தாள், நகம் பதிய. குதித்தான். கையை விரித்து, அவ்வளவு அழகாக.

அடுத்த நொடி தரையில் ஒருவன் நிற்கிறான். வலது கால் முதலில். கைத் தட்டு இல்லை.

மதாம் சிலுவை போட்டுக்கொண்டு டி.வி.யை நிறுத்தப் போனார்.

“இருக்கட்டும் மதாம்,” என்றாள் அம்மா.

முழுசும் பார்த்தாள். அந்த இன்னொருவன் ஓடியதை, அடி வாங்கியதை, லாரியில் தொங்கியதை. ஒவ்வொரு தாவலுக்கும் அவள் கால் விரல்கள் தரையைப் பற்றின.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் கேட்டாள்:

“அந்தப் பையனுக்கு அம்மா இருக்காளா?”

“இருக்காங்கன்னு சேகர் சொல்லிருக்கான்.”

“அவன இத வுட்டு வந்துடச் சொல்லி எழுது. இங்க வந்து உங்க கம்பெனில சோப்பு கட்டட்டும். இப்பவே எழுது.”

பாபுவிடம் விலாசம் கேட்கவே தோன்றவில்லை எனக்கு. வடபழனிப் பக்கம் ஏதோ ஒரு ரூம், அவ்வளவுதான் தெரியும். அம்மா தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.