பட்டை போட்ட ரேஸ் கார்

அன்புள்ள சார்,

இன்று காலை நம் ஒர்க் ஷாப்பில் ஒரு லாரியின் பின்பக்கத்தைப் பிரித்தார்கள். பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றியதும் கிரீஸும் துருவும் கலந்த வாடை எழுந்தது. கூடவே உங்கள் நக்கல் சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் நான் இன்ஜின் வாத்தியார், நீங்கள் சஸ்பென்ஷன் வாத்தியார். அதனாலேயே நான் பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்கக் கார் கட்சி, நீங்கள் வளைவில் பிசகாத ஜெர்மன் கார் கட்சி. டீ வந்தால் சண்டை தொடங்கிவிடும். அமெரிக்க ரேஸ் கார் ஒன்றில் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே, லாரியில் இருப்பதுபோல், பட்டை ஸ்பிரிங்தான் இருக்கிறது என்று தெரிந்த நாளில் டிபார்ட்மென்ட்டையே கூட்டிவிட்டீர்கள். "நெல்லு ஏத்துற லாரி பட்டையை மாட்டிக்கிட்டு ரேஸுக்கு வர்றானுங்க சார்! நேர் ரோட்டுல ஓடுவான். நம்ம திருவையாறு ரோட்டு வளைவுல விட்டா வயல்லதான் கிடப்பான்." அது இரும்பில்லை, ஃபைபர், எடை குறைவு என்று நான் தொண்டை வறளக் கத்தியதை யார் கேட்டார்கள்!

பிறகு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது. இரண்டாவது சிகிச்சை முடிந்த வாரம், பழைய மாணவர் ஒருவர் சென்னைப் பக்கம் ஒரு ரேஸ் டிராக்குக்கு நம்மை அழைத்தார். அமெரிக்கக் கார், ஜெர்மன் கார் இரண்டிலும் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். டாக்டரிடம் கேட்காமலே கிளம்பிவிட்டீர்கள்.

ஜெர்மன் கார் கோடு போட்டாற்போல் வளைவுக்குள் நுழைந்தது. எவ்வளவு பிரேக் போட்டாலும் முன்பக்கம் தரையை நோக்கிக் குத்தவில்லை. அமெரிக்கக் காரும் வளைவில் சளைக்கவில்லை. வெளியே வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் மட்டும் பின்பக்கம் லேசாக ஆடிவிட்டுப் பாய்ந்தது. எனக்குப் பிடித்ததே அந்த ஆட்டம்தான்.

ஆனால் நீங்கள் ஹெல்மெட்டைக் கழற்றினீர்கள். தலையில் ஒரு முடி இல்லை. இந்த மனிதரை ஜெயித்து என்ன செய்யப்போகிறேன் என்று இருந்தது. "சார், நான் தோத்துட்டேன். ஜெர்மன் கார்தான்" என்றேன். நீங்களோ, "அட, நான்தான் சார் தோத்தேன். உங்க அமெரிக்காக்காரன் என்னமா திரும்புறான்!" என்றீர்கள்.

அதற்குப் பின் ஒன்றரை வருஷம் கட்சி மாறிச் சண்டை போட்டோம். பட்டைக்கு நீங்கள் வக்கீல், ஜெர்மன் காருக்கு நான். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட விடவில்லை. சண்டை ஓய்ந்தால் உங்கள் வலியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்று எனக்குப் பயம்.

உங்கள் நினைவு ஜெபத்தன்று, பந்தியில் நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் மனைவி பக்கத்தில் வந்தார். "தம்பி, அவரு கடைசி வரைக்கும் ஜெர்மன் கட்சிதான். அன்னிக்கு ரேஸ் டிராக்குல நீங்க மூஞ்சி தொங்கிப்போயி நின்னீங்களாம், பாவமா இருந்துச்சாம். உங்ககிட்ட சொல்லிடாதன்னாரு." நான் வாளியும் கையுமாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

நானும் ஒப்புக்கொள்கிறேன் சார். நானும் மாறவே இல்லை.

இப்போது உங்கள் சஸ்பென்ஷன் வகுப்பும் என் தலையில்தான். நேற்று ஒரு மாணவி, "அமெரிக்கக் காரா சார், ஜெர்மன் காரா?" என்று கேட்டாள். அமெரிக்கக் கார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒன்றரை வருஷப் பழக்கம், முக்கால் மணி நேரம் ஜெர்மன் காருக்கே வாதாடியிருக்கிறேன். கடைசியில் கை தூக்கச் சொன்னேன். வகுப்பு மொத்தமும் உங்கள் கட்சி. எனக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, சார்.